மிளகுக் கணக்கும் ஹாஸ்கல் வார்ப்புருவும்

2022ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் ரூபாயின் பெறுமதி சந்தையின் போக்குக்கு விடப்பட்டு, அதுவரை 200 ரூபாயை ஒட்டி நின்ற டொலர் மே மாதத்தில் 350 ரூபாயையும் கடந்துவிட்டபோது, அந்தக் கொந்தளிப்பின் அலை விரைவில் வந்து மோதிய இடங்களுள் மாத்தளை மாவட்டத்தின் மிளகு விளையும் ஊர்களும் இருந்தன. மாத்தளை நகரத்துக்கு மேற்கே, மிளகும் கராம்பும் சாதிக்காயும் கொக்கோவும் இறப்பரும் ஒன்றன் நிழலில் ஒன்றாக வளரும் யட்டவத்தையில், என் பெரியப்பா மிளகு வாங்கும் சிறு கடையொன்றை நெடுங்காலமாக நடத்திவருகிறார். ஏற்றுமதிப் பண்டத்துக்கு டொலரே எஜமான் ஆகையால், காலையில் கடைத்தெருவில் பேசிய விலை மாலையில் செல்லாமற் போன நாட்களும் அந்தப் பருவத்தில் உண்டு. அவருடைய கடையில் பரம்பரையாக ஒரு வழக்கம் இருந்துவந்தது: சரக்கை இன்று நிறுத்துக் கொடுத்துவிட்டு, பணத்தைப் பிள்ளைகளின் பாடசாலைச் செலவுக்கோ கோயில் திருவிழாவுக்கோ வேண்டிய சமயத்தில் வந்து பெற்றுக்கொள்ளும் தோட்டக்காரர்கள் பலர்; அவர்களுக்குப் பணம் எந்த நாளில் கொடுக்கப்பட்டாலும், சரக்குத் தந்த நாளின் விலையே விலை. விலை மாதக்கணக்கில் அசையாமல் நின்ற காலத்தில் இது ஒரு பெரிய விஷயமாக இருக்கவில்லை. நாளுக்கொரு விலையாக ஆனபோது, அந்த வழக்கத்தைக் காப்பாற்றுவதற்கே ஒரு சாஸ்திரம் தேவைப்பட்டது.

உறவினர் ஒருவர் முன்பு அன்போடு அமைத்துக்கொடுத்த விரிதாள் ஒன்று கடையின் பழைய கணினியில் இருந்தது. அதில் விலைக்கென்று ஒரே ஒரு கட்டம்; அந்தக் கட்டத்தில் இன்றைய விலையை இட்ட மாத்திரத்தில், சென்ற மாதம் சரக்குத் தந்தவரின் சிட்டையும் இன்றைய விலைக்கு மாறிவிடும். பெரியப்பா அதை ஒரு நாள் பார்த்துவிட்டு, மறுபடியும் நீளக் கணக்குக் கொப்பியையே எடுத்துக்கொண்டார். "தம்பி, கணக்குல அழிச்சு எழுதக் கூடாது, தப்புன்னா அடுத்த வரியில திருத்தி எழுதணும். இந்த மெசின் கேக்காமலே அழிக்குதே" என்று அவர் என்னிடம் சொன்னபோது, கணினி இயலில் அரை நூற்றாண்டுக்கு மேலாக நடந்துவரும் ஒரு பெரிய விவாதத்தின் சாரத்தை, அந்த இயலில் பிரவேசமே இல்லாத ஒருவர் மிளகுச் சாக்குகளின் நடுவில் நின்று சொல்லிவிட்டார் என்று எனக்குத் தோன்றியது. ஒரு முறை ஒரு பெயருக்குக் கொடுத்த மதிப்பைப் பின்னர் அழித்து மாற்றுவதில்லை என்பதுதானே சார்புச் செய்நிரலாக்கம் எனப்படும் நெறியின் பிரதான விரதம்!

அந்த நெறியை நான் அறிந்துகொண்டது 2020ஆம் ஆண்டு மார்ச் மாதம் நாடெங்கும் ஊரடங்கு பிறப்பிக்கப்பட்ட காலத்தில். வேலைக்காக வெளியே போக வழியில்லை. வீட்டில் மடிக்கணினியும், விட்டு விட்டு வரும் இணையமும் இருந்தன. சென்னையை அடுத்த சிறுசேரியில் உள்ள சென்னைக் கணிதவியல் கழகத்தின் பேராசிரியர்களான மாதவன் முகுந்தும் எஸ். பி. சுரேஷும் அந்த நெறியில் அமைந்த ஹாஸ்கல் மொழியைக் குறித்து நிகழ்த்திய விரிவுரைகள், இந்தியத் தொழினுட்பக் கழகங்கள் சேர்ந்து நடத்தும் என்.பி.டி.இ.எல். என்ற தொலைக்கல்வித் திட்டத்தில் எவரும் இலவசமாகக் கேட்கும்படி வைக்கப்பட்டிருக்கின்றன. ஒரு பட்டியலின் தலையையும் வாலையும் பிரித்துக் காட்டி, அந்த ஒரு பிரிப்பிலிருந்தே கூட்டல், வரிசைப்படுத்தல், தேடல் எல்லாவற்றையும் பிறப்பிக்கும் கணித ஆசிரியரின் நிதானம் அந்த விரிவுரைகளில் இருந்தது. கடல் கடந்து வரும் அந்தக் குரலை, மாத்தளை மலையடிவாரத்து வீடொன்றில், ஊரடங்கின் நிசப்தத்தில் இருந்து கேட்டவன் நான். அந்தப் பேராசிரியர்களுக்கு நான் பட்டிருக்கும் கடன் அவர்கள் அறியாதது.

ஹாஸ்கலின் வரலாற்றை விரிக்க இது இடமன்று. 1987இல் அமெரிக்காவின் போர்ட்லண்ட் நகரில் கூடிய அறிஞர் சிலர், அதுவரை தனித்தனியே முளைத்துக் கிடந்த சார்பு மொழிகளுக்கெல்லாம் பொதுவாக ஒரு மொழி வேண்டும் என்று தீர்மானித்ததும், 1990இல் அதன் முதல் இலக்கண அறிக்கை வெளிவந்ததும், தர்க்கவியல் அறிஞர் ஹாஸ்கல் கரியின் பெயரே அதற்குச் சூட்டப்பட்டதும் நூல்களில் உள்ள செய்திகள். நான் சொல்ல வந்தது, அந்த மொழியில் ஒரு புதிய காரியத்தை ஆரம்பிக்கும் தருணத்தைப் பற்றி. விரிவுரைகளில் பெரும்பாலும் இடம்பெறாத தருணம் அது.

விரிவுரையில் கற்பவன் ஒரே கோப்பில் பத்து வரி எழுதி, அதை இயக்கிப் பார்த்து மகிழ்கிறான். ஆனால் ஒரு கடையின் கணக்கு அந்த ஒரு கோப்பில் அடங்காது. திகதிகளைக் கையாளப் பிறர் எழுதிய நூலகம் ஒன்று வேண்டும், கோப்புகளைப் படிக்க இன்னொன்று வேண்டும். அந்த நூலகங்கள் தமக்குள் ஒத்துப்போகும் பதிப்புகளாக இருக்க வேண்டும். அவையெல்லாம் இன்ன பதிப்பு மொழிமாற்றியோடு பொருந்த வேண்டும். இத்தனையையும் விவரித்து ஒரு பொதிக்கோப்பு எழுதப்பட வேண்டும். ஒரு காலத்தில் ஹாஸ்கலர்கள் இந்தப் பதிப்புச் சண்டையை நரகம் என்றே வெளிப்படையாக அழைத்து வந்தார்கள். 2015இல் வெளிவந்த ஸ்டாக் என்னும் கருவி அதற்கு ஒரு பரிகாரம் செய்தது: ஒன்றோடொன்று இணக்கமாகக் கட்டிப் பரிசோதித்துப் பெயரிட்டு நிலைநிறுத்தப்பட்ட நூலகத் தொகுதியொன்றின் பெயரை ஒரே வரியில் எழுதினால் போதும் என்று ஆக்கியது. அதே கருவியின் இன்னோர் உபகாரம்தான் வார்ப்புரு. ஸ்டாக் நியூ என்று எழுதி, அதன் பின் நம் திட்டத்தின் பெயரைக் கொடுத்தால், ஒரு திட்டத்துக்கு வேண்டிய பூர்வாங்கக் கோப்புகள் அனைத்தும் நம் பெயர் பொறித்து ஓர் அடைவில் வந்து அமர்ந்துவிடுகின்றன.

நான் அந்தக் கட்டளையை இட்டது, நாளொன்றுக்கு 13 மணி நேரம் வரை மின்வெட்டு அறிவிக்கப்பட்ட 2022 மார்ச் இறுதியை ஒட்டிய ஒரு நள்ளிரவில். நள்ளிரவுக்குப் பிறகுதான் இணையத்தின் கட்டணம் மலிவாக இருந்தது. மின்சாரமும் அப்போதுதான் சிறிது நிலைத்து நிற்கும். வார்ப்புரு வந்து சேருவதற்கு ஒரு கணமே பிடித்தது, ஏனெனில் அது சில பக்கங்களுக்கு மேற்படாத எழுத்து. அதை முதல் தடவை கட்டும்போதோ, ஜி.எச்.சி. என்னும் கிளாஸ்கோ மொழிமாற்றி முழுவதையும், பல நூறு மெகாபைட் கனமுள்ளதை, இறக்கியாக வேண்டும். மின்வெட்டுக்குத் தப்பிய மடிக்கணினியின் மின்கலமும், கைப்பேசி கோபுரத்தின் மின்கலமும் எது முதலில் ஓயும் என்ற போட்டியில் அது பல இரவுகளை எடுத்துக்கொண்டது. அந்தக் காத்திருப்பு எனக்கு ஒரு விதத்தில் நன்மையாகவே முடிந்தது. கட்டி இயக்கிப் பார்க்க வழியில்லாத அந்த இரவுகளில், வார்ப்புரு தந்த கோப்புகளை ஒவ்வொன்றாகத் திறந்து, மெழுகுவர்த்தியின் பக்கத்தில் மங்கலாக்கிய திரையில், ஒரு பழைய ஏட்டைப் படிக்கும் சிரத்தையோடு வாசித்தேன்.

ஸ்டாக்கின் இயல்பான வார்ப்புருவில் வருவன மிகச் சில. ஆப் என்ற அடைவுக்குள் மெயின் என்ற கோப்பு; எஸ்.ஆர்.சி. என்ற அடைவுக்குள் லிப் என்ற கோப்பு; டெஸ்ட் என்ற அடைவுக்குள் ஸ்பெக் என்ற கோப்பு; திட்டத்தின் பெயர், ஆசிரியர், சார்ந்திருக்கும் நூலகங்கள் ஆகியவற்றைச் சொல்லும் பொதிக்கோப்பு; நூலகத் தொகுதியின் பெயரைச் சொல்லும் ஸ்டாக் கோப்பு; உரிமப் பத்திரம்; அறிமுகக் குறிப்பு; மாற்றங்களின் குறிப்பு. உரிமப் பத்திரத்தைத் திறந்தால் பி.எஸ்.டி. உரிமத்தின் வாசகம் முழுவதும் இருக்கிறது. ஆண்டு 2022 என்று தானாகவே நிரம்பியிருக்கிறது. உரிமையாளரின் பெயர் வரவேண்டிய இடத்தில் மட்டும் 'ஆசிரியர் பெயர் இங்கே' என்ற பொருளில் ஆங்கிலத்தில் ஒரு தொடர் நிற்கிறது. ஸ்டாக்கின் அமைப்புக் கோப்பில் நம் பெயரையும் மின்னஞ்சலையும் ஒரு முறை எழுதிவைத்துவிட்டால், அதன் பின் ஆரம்பிக்கும் ஒவ்வொரு திட்டத்திலும் அந்த இடங்கள் தாமாகவே நிரம்பிவிடும். எழுதாதவர்களின் எத்தனையோ திட்டங்கள் 'ஆசிரியர் பெயர் இங்கே' என்பவருக்கே உரிமையானவையாக உலகில் உலவிக்கொண்டிருக்கின்றன. செய்தவன் யார் என்பதை முதல் நாளிலேயே எழுதிவைக்கும் பழக்கம் நம்மவருக்குக் குறைவு. அதை ஒரு கருவி வற்புறுத்துவது எனக்குப் பிடித்திருந்தது.

ஆனால் என் மனத்தை நீண்ட நேரம் பிடித்து நிறுத்தியது, மெயின், லிப் என்ற அந்த இரண்டு கோப்புகளின் உறவு. மெயின் கோப்பில் சாரமாக ஒரே ஒரு வரிதான்: லிப் கோப்பில் உள்ள சம்ஃபங்க் என்னும் சார்பை அழை என்பது. லிப் கோப்பிலோ அந்தச் சார்பு தன் பெயரையே திரையில் எழுதிவிட்டு ஓய்ந்துவிடுகிறது. இவ்வளவு அற்பமான காரியத்துக்கு இரண்டு அடைவுகளும் இரண்டு கோப்புகளும் எதற்கு என்று, வேறு மொழிகளிலிருந்து வரும் எவருக்கும் தோன்றும். அந்தப் பிரிவினையில் ஹாஸ்கலின் சித்தாந்தம் முழுவதும் சூத்திர வடிவில் அடங்கியிருக்கிறது என்பதுதான், இத்தனை காலத்துக்குப் பிறகும் என் உறுதியான அபிப்பிராயம். உலகத்தோடு பேசுவது, கோப்பைப் படிப்பது, இன்று என்ன திகதி என்று கேட்பது, சிட்டையை அச்சிடுவது ஆகிய எல்லாம் ஐ.ஓ. என்னும் முத்திரை குத்தப்பட்ட வகையைச் சேர்ந்தவை. அவை மெயினின் பக்கத்தில் இருக்கட்டும். நிறையையும் விலையையும் கொடுத்தால் தொகையைத் தருவது போன்ற, கொடுத்ததைத் தவிர வேறொன்றையும் பாராத, எத்தனை தடவை கேட்டாலும் அதே விடையைச் சொல்லுகிற தூய சார்புகள் லிப்பின் பக்கத்தில் இருக்கட்டும். மெயின் எவ்வளவு மெலிந்தும் லிப் எவ்வளவு செழித்தும் இருக்கிறதோ, அவ்வளவுக்கு அந்தச் செய்நிரல் பரிசோதனைக்கும் நம்பிக்கைக்கும் உரியதாகிறது. ஒரு வரியும் எழுதத் தொடங்காத மாணவனின் முன்னால், இந்தப் பாகுபாட்டை உபதேசமாகச் சொல்லாமல், இரண்டு வெற்று அறைகளாகக் கட்டிவைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள் வார்ப்புருவை இயற்றியவர்கள்.

எங்கள் பக்கத்தில் மிளகு நடுபவர்கள் கொடியை முதலில் நடுவதில்லை. கிளிரிசிடியாத் தடியை முன்கூட்டியே ஊன்றி, அது வேர் கொண்டு தழைத்த பிறகே அதன் அடியில் மிளகுக் கன்றை வைப்பார்கள். தடி எங்கே நிற்கிறதோ, எவ்வளவு நேராக நிற்கிறதோ, அதைப் பொறுத்தே கொடியின் ஆயுள் முழுவதும் அமையும். வார்ப்புருவின் இயல்பும் இதுவே என்று நினைக்கிறேன். விளைச்சல் தருவது அதுவன்று. ஆனாலும் விளைச்சல் ஏறும் வழியை அது முதலிலேயே நிச்சயித்துவிடுகிறது.

பெரியப்பாவின் கணக்கு அந்த இரண்டு அறைகளுக்குள் எப்படிப் புகுந்தது என்பதைச் சற்று விவரமாகச் சொல்ல வேண்டும். மிளகை நம் ஊரில் இரண்டு நிலைகளில் வாங்குவார்கள்: கொடியிலிருந்து பறித்த பச்சையாக, அல்லது வெயிலில் காய்ந்த கறுப்பு மிளகாக. மூன்று கிலோ பச்சை காய்ந்தால் ஏறக்குறைய ஒரு கிலோவே எஞ்சும். காய்ந்த மிளகிலும், ஒரு லீற்றர் கொள்ளளவில் எத்தனை கிராம் நிற்கிறது என்பதை வைத்துத் தரம் பிரிப்பார்கள்; 550 கிராம் நிற்பது கனத்த மணி, அதற்குப் பெரிதும் குறைந்து நிற்பதில் சொத்தை மணி கலந்திருக்கும். ஈரக் கழிவும் சாக்கின் நிறையும் கழிக்கப்பட வேண்டும். விரிதாளில் இவையெல்லாம் வெறும் எண்கள். பச்சையின் 30 கிலோவையும் காய்ந்ததன் 30 கிலோவையும் கூட்டி 60 என்று காட்டுவதற்கு அது ஒரு கணமும் தயங்குவதில்லை. லிப் கோப்பில் நான் முதலில் செய்த காரியம், சம்ஃபங்க் என்ற அந்த வரியை நீக்கிவிட்டு, பச்சை நிறை ஒரு வகை, காய்ந்த நிறை வேறொரு வகை என்று பிரகடனம் செய்தது. அதன் பின் அவ்விரண்டையும் கூட்டும் ஒரு வரியை வேண்டுமென்றே எழுதிக் கட்டிப் பார்த்தபோது, இவ்விரண்டு வகைகளும் பொருந்தவில்லை என்று, வரி எண்ணையும் எழுத்தின் இடத்தையும் சுட்டி, மொழிமாற்றி கட்ட மறுத்துவிட்டது. பச்சையிலிருந்து காய்ந்ததற்குப் போக ஒரே ஒரு வாயில்தான்: உலர்வு விகிதத்தைக் கேட்டு வாங்கிக்கொண்டு மாற்றித் தரும் சார்பு. அதற்குள் நுழையாமல் எவரும் எந்தக் கணக்கையும் குழப்ப முடியாது. செய்நிரல் ஒரு தடவைகூட இயங்குவதற்கு முன்பே இந்தக் காவல் கிடைத்துவிடுகிறது என்பதை அன்று பெரியப்பாவுக்கு விளக்கினேன். திரையைக் கூர்ந்து பார்த்துவிட்டு, "அப்ப இது நம்ம பழைய கணக்குப்பிள்ளை மாதிரி, கேள்வி கேக்கும்" என்றார் அவர்.

விலையை நான் ஒரு பெயரில் அடைக்கவில்லை. திகதியைக் கொடுத்தால் அந்தத் திகதியின் விலையைத் தரும் பட்டியலாக அதை வைத்து, சிட்டை போடும் சார்பு அந்தப் பட்டியலையும் சரக்குத் தந்த நாளையும் கேட்டு வாங்கும்படி அமைத்தேன். புதிய விலை வந்தால் பட்டியலில் ஒரு வரி கூடுகிறது; பழைய வரி பழைய வரியாகவே நிற்கிறது. இன்று என்ன நாள் என்ற கேள்வி மெயினில் மட்டுமே கேட்கப்படுகிறது. லிப்பில் உள்ள எந்தச் சார்புக்கும் நாட்காட்டியை எட்டிப் பார்க்கும் அதிகாரம் இல்லை. பணத்தைத் தசமத்தில் வைக்காமல் சதக் கணக்கில் முழு எண்ணாகவும், நிறையைக் கிராமில் முழு எண்ணாகவும் வைத்தேன். கணினியின் மிதவை எண்களில் 0.1ஐயும் 0.2ஐயும் கூட்டினால் சரியாக 0.3 வராது என்பதை அறிந்தவன் பிறர் பணத்தை அவற்றில் எழுதத் துணிய மாட்டான்.

தமிழ் எழுத்து இந்த முயற்சியில் கொஞ்சம் பிரயாசை தந்தது. ஹாஸ்கலில் வகைகளின் பெயர்கள் பெரிய எழுத்தில் தொடங்க வேண்டும் என்பது விதி. தமிழுக்குப் பெரிய எழுத்து, சிறிய எழுத்து என்ற பேதம் இல்லை. ஆகவே தமிழெழுத்துக்களை மொழிமாற்றி சிறிய எழுத்தாகவே எண்ணுகிறது. அன்றியும், காலையும் கொம்பையும் போன்ற சில உயிர்க்குறிகளைப் பெயரின் அங்கமாக அது ஏற்பதில்லை. எனவே உள்ளே பெயர்கள் உரோம எழுத்தில், வெளியே சிட்டை தமிழில் என்று சமாதானம் செய்துகொண்டேன். அங்கும் ஒரு நுணுக்கம் உண்டு. பிரிண்ட் என்ற சார்பைக் கொண்டு 'மிளகு' என்ற சொல்லை எழுதச் சொன்னால், திரையில் மிளகு வராது. பின்சாய்கோடுகளுக்கு இடையே 2990, 3007, 2995, 2965, 3009 என்ற ஐந்து எண்கள் வரும். அவை மகரமும் இகரக் குறியும் ளகரமும் ககரமும் உகரக் குறியும் யுனிகோட் அட்டவணையில் பெற்றிருக்கும் இலக்கங்கள். புட்ஸ்டிரிலைன் என்ற சார்பைக் கொண்டு எழுதினால்தான் சொல் சொல்லாகத் தெரியும். முன்னது செய்நிரலாளன் படிப்பதற்கு, பின்னது மனிதர் படிப்பதற்கு என்ற இந்த வேறுபாட்டைத் தொடக்க நூல்கள் ஆங்கிலத்தைக் கொண்டே விளக்குவதால், அங்கே அது கண்ணுக்குத் தெரிவதில்லை. தமிழில் எழுதுகிறவனுக்கு முதல் நாளிலேயே தெரிந்துவிடுகிறது.

வார்ப்புருக்களைக் குறித்து இரண்டு விதமான அபிப்பிராயங்களைக் கேட்டிருக்கிறேன். முதற்படியிலேயே எல்லாம் ஆயத்தமாகக் கிடைத்துவிட்டால் கற்பவன் எதையும் அறிந்துகொள்ள மாட்டான்; ஒவ்வொரு கோப்பையும் அவன் கையாலேயே எழுதிப் பழக வேண்டும் என்பது ஒரு கட்சி. இணையத்தளம், தரவுத்தளம், உள்நுழைவு, பரிசோதனை என்று எல்லாம் பூட்டிய பெரிய வார்ப்புருவை எடுத்துக்கொண்டால் வேலை பாதி முடிந்தது என்பது மறு கட்சி. நான் இரண்டுக்கும் உடன்படாதவன். யெசோட் என்னும் வலைச் சட்டகத்தின் வார்ப்புருவை ஒரு முறை விரித்துப் பார்த்தேன். அனுபவசாலிகளுக்கு அது பெரிய சௌகரியம் என்பதில் ஐயமில்லை. ஆனால் முதன்முதலாக வருபவனுக்கு, பிறர் வாழ்ந்துவிட்டுப் போன வீட்டில் சாமான்களோடு குடிபுகுந்த திகைப்பே அது தரும். சிறிய வார்ப்புருவோ ஓர் இரவில் முழுவதும் படித்து முடிக்கத் தக்கது. அப்படி முழுவதும் படித்த வார்ப்புருவிலிருந்துதான் ஒருவன் ஆரம்பிக்க வேண்டும்.

சிறிதாகத் தொடங்கும் அந்தப் பிரிவினை பெரிய நிர்மாணங்களிலும் நிலைத்து நிற்கிறதா என்ற சந்தேகம் எனக்கு இருந்தது. பெங்களூரின் ஆட்டோ ஓட்டுநர்களுக்கென்று 2022இல் தொடங்கப்பட்ட நம்ம யாத்ரி என்ற செயலியின் பின்னணிச் செய்நிரல் ஹாஸ்கலில் எழுதப்பட்டு, எவரும் பார்க்கும்படி திறந்து வைக்கப்பட்டிருக்கிறது. ஜஸ்பே என்ற நிறுவனத்தார் உருவாக்கியது. அதைத் திறந்து பார்த்தபோது, ஆயிரக்கணக்கான கோப்புகளுக்கு மேலே ஆப் என்றும் லிப் என்றும் அதே இரண்டு பெயர்கள் நின்றன. அங்கே அவை சிறு திட்டத்தில் உள்ள பொருளிலேயே நிற்கவில்லை, பல செயலிகளும் பல நூலகங்களுமாகப் பெருகியிருக்கின்றன. ஆயினும் உலகத்தோடு பேசும் பகுதி இது, பலர்க்கும் பொதுவான பகுதி அது என்ற பிரிவினையின் சாயலை அங்கேயும் கண்டேன். யட்டவத்தையில் மிளகு நிறுக்கும் கணக்கும், பெங்களூரில் சவாரி பேசும் கணக்கும் ஒரே விதமான அடைவுகளில் இருந்து புறப்பட்டவை என்பதில் எனக்கு உண்டான சந்தோஷத்தைச் சொல்லாமல் விட முடியவில்லை.

இயல்பான வார்ப்புருவில் எனக்கு ஒரே ஒரு மனத்தாங்கல் உண்டு. அது டெஸ்ட் அடைவைப் பற்றியது. அங்கே உள்ள கோப்பு, 'பரிசோதனைகள் இன்னும் எழுதப்படவில்லை' என்ற பொருளில் ஒரு வரியைத் திரையில் எழுதிவிட்டு, வெற்றி பெற்றதாகவே முடிந்துவிடுகிறது. ஒன்றையும் பரிசோதிக்காத பரிசோதனை தேறிவிட்டது என்று கருவி சொன்னால், அவசரத்தில் இருப்பவன் அந்த வாசகத்தைப் படிக்க மாட்டான்; தேறியது என்ற விளைவை மட்டுமே பார்ப்பான். ஒழுங்கான வார்ப்புருவில் எழுதப்படாத பரிசோதனை தோற்க வேண்டும். எழுதும் வரை அது தோற்றுக்கொண்டே இருக்க வேண்டும்.

ஆகையால், பெரியப்பாவின் கணக்கு ஒருவாறு நடக்கத் தொடங்கிய பின், எனக்கென்று ஒரு வார்ப்புருவை இயற்றிக்கொண்டேன். அதன் வேலைமுறை மிக எளியது. எச்.எஸ்.ஃபைல்ஸ் என்ற பின்னொட்டுள்ள ஒரே கோப்புக்குள், இங்கே இன்ன கோப்பு ஆரம்பமாகிறது என்று அறிவிக்கும் வரிகளுக்குக் கீழே ஒவ்வொரு கோப்பின் உள்ளடக்கத்தையும் அடுத்தடுத்து எழுதிவிட வேண்டும். திட்டத்தின் பெயரும் ஆசிரியரின் பெயரும் வர வேண்டிய இடங்களில் இரட்டைச் சுருள் அடைப்புக்குள் அந்தந்தப் பெயரை இட வேண்டும். ஸ்டாக் நியூ என்ற கட்டளைக்கு அந்தக் கோப்பின் இருப்பிடத்தைச் சொன்னால் போதும். கணினியிலுள்ள கோப்பாகவும் இருக்கலாம், இணைய முகவரியாகவும் இருக்கலாம். என் வார்ப்புருவில் சதத்தையும் கிராமையும் முழு எண்ணாக வைக்கும் வகைகளும், மிளகுக்கு வைத்த பச்சை நிறை, காய்ந்த நிறை என்ற வகைகளும் முன்கூட்டியே இருக்கின்றன. திகதியால் விலை தேடும் சார்பு இருக்கிறது. அறிமுகக் குறிப்பு தமிழில் இருக்கிறது. டெஸ்ட் கோப்பு, 'கொப்பியிலிருந்து ஒரு கணக்கையாவது இங்கே எழுதுக' என்று தமிழில் சொல்லித் தோல்வியோடு முடிகிறது.

அதை முதலில் பயன்படுத்தியவள் என் தமக்கையின் மகள். உயர்தரத்தில் தகவல் தொடர்பாடல் தொழினுட்பம் படித்துக்கொண்டிருந்த அவள், தன் தந்தை வாங்கும் இறப்பர் பாலுக்குக் கணக்கு எழுத வேண்டும் என்று என்னிடம் வந்தாள். பாலை நிறுத்து, மெட்ரோலாக்கால் அதன் உலர் இறப்பர் அளவைக் கண்டு, அந்த உலர் நிறைக்கே பணம் கொடுப்பது வழக்கம். வார்ப்புருவை விரித்துக்கொடுத்துவிட்டு, எல்லாக் கோப்புகளையும் ஒரு தடவை படித்துவிட்டு வரச் சொன்னேன். இரண்டு நாள் கழித்து வந்து அவள் கேட்ட முதற் கேள்வி இது: "மாமா, பால் நிறைக்கும் உலர் நிறைக்கும் நான் புதுசா வகை வைக்கணுமா? மிளகுக்கு வச்ச பச்சை, காய்ந்த வகையே இதுக்கும் பொருந்துமே." பொருந்தும்தான். ஈரம், உலர் என்ற நிலைகளை வகையின் அளவுருவாக எடுத்து, எந்தப் பண்டத்துக்கும் பொதுவாக எழுதலாம் என்று அவளே கண்டுபிடித்து எழுதினாள். உலர்வு விகிதத்தை மட்டும் மிளகுக்கு ஒன்றாகவும் இறப்பருக்கு மெட்ரோலாக் சொல்லும் எண்ணாகவும் சார்பு கேட்டு வாங்கிக்கொள்கிறது. அந்த மாற்றத்தை வார்ப்புருவிலேயே சேர்த்துவிட்டோம். அவளுடைய டெஸ்ட் கோப்பில் இப்போது தந்தையின் கொப்பியிலிருந்து எடுத்த ஒரு மாதத்துக் கணக்கு முழுவதும் இருக்கிறது. அதில் ஒரு வரி மட்டும் இன்னும் தோற்கிறது. கொப்பியில் எழுதியவர் அன்று வாளியின் நிறையைக் கழித்தாரா இல்லையா என்று அவள் தந்தையிடம் விசாரித்துக்கொண்டிருக்கிறாள்.